சிசிலி வில்லியம்ஸ்

சிசிலி டெல்பின் வில்லியம்ஸ் (டிசம்பர் 2, 1893 – சூலை 13, 1992) ஜமேக்காவில் பிறந்த குழந்தைநல மருத்துவர் ஆவார். குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயை 1933ஆம் ஆண்டில் விரிவாக விவரித்து மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் இவர். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கெட்டிப்பால் விற்கப்பட்டதை எதிர்த்து 1939இல் சிங்கப்பூரில் இவர் ஆற்றிய உரை பெரிதும் அறியப்பட்டதாகும். உலக சுகாதார அமைப்பின் தாய்-சேய் நலப் பிரிவின் முதல் தலைவராகவும் பணியாற்றினார்.

குழந்தைக்கு எந்த வயதில் எந்த உணவு, எவ்வளவு என்பதே இவருடைய வாழ்நாள் ஆய்வுப் பொருளாக இருந்தது. பார்வைக்குப் பருமனாகத் தோன்றும் குழந்தை நன்கு ஊட்டம் பெற்ற குழந்தையாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெற்ற அனுபவங்களைக் கொண்டு இவர் எடுத்துக்காட்டினார்.

பிறப்பும் கல்வியும்

சிசிலி வில்லியம்ஸ் ஜமேக்காத் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள வெஸ்ட்மோர்லாந்து வட்டாரத்தில், பல தலைமுறைகளாகத் தோட்ட நிலங்களை வைத்திருந்த ஆங்கிலேய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ரோலண்ட் வில்லியம்ஸ் ஜமேக்காவின் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். சிசிலி தமது 13ஆம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தபோதும், நிலநடுக்கத்தாலும் புயல்களாலும் குடும்பம் இழப்புகளைச் சந்தித்திருந்ததால் ஜமேக்காவுக்குத் திரும்பிப் பெற்றோருக்குத் துணையாக இருந்தார்.

1916இல் தந்தை இறந்த பின்னர் மீண்டும் ஆக்ஸ்போர்டு சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். முதல் உலகப் போரின் காரணமாக ஆண் மாணவர்கள் குறைந்திருந்ததாலேயே பெண்களுக்கு அப்படிப்பில் இடம் கிடைத்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி பெற்று 1923இல் மருத்துவரானார். ஒப்பீட்டிற்கு, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் தமது படிப்பை 1912இலேயே முடித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

போர் முடிந்து ஆண் மருத்துவர்கள் திரும்பிவிட்டதால் பெண் மருத்துவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. வில்லியம்ஸ் லண்டனில் பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவமனைகளில் பணியாற்றினார். குழந்தையின் நோயைப் புரிந்துகொள்ள அதன் வீட்டையும் உணவையும் அறிய வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்திலேயே இவருக்கு உருவாயிற்று. பின்னர் கிரேக்கத்தின் சலோனிக்காவில் அகதிகளிடையே பணியாற்றினார். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயிற்சி முடித்துப் பிரித்தானியக் குடியேற்ற நாட்டு மருத்துவச் சேவையில் சேர்ந்தார்.

தங்கக் கரையில்

1929இல் வில்லியம்ஸ் மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கக் கரை என்று அழைக்கப்பட்ட நாட்டிற்கு (1957 முதல் கானா) அனுப்பப்பட்டார். பெண் மருத்துவ அலுவலர் என்ற தனிப் பதவிப் பெயரும், ஆண்களைவிடக் குறைந்த ஊதியமும் இவருக்கு வழங்கப்பட்டன. அக்ராவில் இளவரசி மேரி லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பெரும்பாலான காலம் பணியாற்றினார்.

இவர் குழந்தைகளின் நோய்க்குறிப்புகளை முறையாகப் பதிவு செய்து வைத்தார். உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றுவித்தார். நோய்த் தடுப்பையும் சிகிச்சையையும் தனித்தனித் துறைகளாகப் பிரிப்பது பொருளற்றது எனக் கருதினார். மருந்து பெற்று வீடு திரும்பும் குழந்தை அதே உணவையே தொடர்ந்து உண்டால் மீண்டும் நோயுற்றே வரும் என்பது அன்றாடம் இவர் கண்ட உண்மையாகும். ஆப்பிரிக்கத் தாய்மார் குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பதையும், கேட்கும்போதெல்லாம் பாலூட்டுவதையும் இவர் பாராட்டினார். அக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் மணிக்கணக்கு வைத்துப் பாலூட்டும் முறையையே சிறந்ததாகக் கருதினர்.

குவாஷியோர்கர்

அக்ராவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளிடம் ஒரே வகையான நோய்க்குறிகளை வில்லியம்ஸ் மீண்டும் மீண்டும் கண்டார். கால்களிலும் கைகளிலும் முகத்திலும் நீர் கோத்து வீங்கியிருந்தது. தோல் கறுத்து உரிந்தது. முடி நிறம் வெளுத்து மெலிந்தது. குழந்தை எதிலும் நாட்டமின்றிச் சிணுங்கிக்கொண்டே இருந்தது. சிகிச்சை இல்லாதபோது இவ்வாறான குழந்தைகள் பெரும்பாலும் இறந்தன. பிரேத ஆய்வில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரியவந்தது.

வீக்கத்தாலும் உப்பிய கன்னங்களாலும் இக்குழந்தைகள் தொலைவிலிருந்து பார்ப்போருக்குக் கொழுகொழுவென்று தோன்றக்கூடும். உடலில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால் தராசும் ஏமாற்றக்கூடும். வீக்கம் வடிந்த பின்னரே குழந்தையின் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது புலப்படும்.

உள்ளூர்க் கா மொழி பேசும் மக்கள் இந்நோயைக் குவாஷியோர்கர் என்று அழைத்தனர். அடுத்த குழந்தை பிறந்ததும் தன் இடத்தை இழக்கும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள் என வில்லியம்ஸ் விளக்கினார். இப்பெயரிலேயே நோயின் காரணமும் அடங்கியிருந்தது. தாய் மீண்டும் கருவுறும்போது மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றுவிடும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது மக்காச்சோள மாவுக் கஞ்சி. அது வயிற்றை நிரப்பும். வளரும் குழந்தைக்குத் தேவையான புரதம் அதில் போதாது.

இக்கண்டுபிடிப்பை 1933இல் குழந்தை நோய்களுக்கான ஆங்கில ஆய்விதழிலும், 1935இல் லான்செட் இதழிலும் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான் குவாஷியோர்கர் என்ற பெயர் பன்னாட்டு மருத்துவ வழக்கில் நுழைந்தது. ஆப்பிரிக்க நோய்களில் வல்லுநராக அறியப்பட்ட ஹியூ ஸ்டானஸ் இது புதிய நோயன்று, வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ராவே என்று மறுத்தார். வில்லியம்ஸ் தம் கருத்தில் உறுதியாக நின்றார். பாலைச் சேர்த்து உணவை மாற்றியபோது குழந்தைகள் தேறியது இவருக்கு வலுவான சான்றாக இருந்தது.

மலாயாவும் டின்பாலும்

மேலதிகாரியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டிற்குப் பின்னர் 1936இல் வில்லியம்ஸ் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்ததுடன் குழந்தைகள் நலப் பணிகளையும் மேற்கொண்டார். சீனர், மலாயர், தமிழர் ஆகிய மூன்று இனத்தாரும் வாழ்ந்த நாடு அது. இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தமிழ்ப் பெண்கள் விடியுமுன்னே வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுடைய கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைகளில் விடப்பட்டன. நகரங்களிலும் தாய்மார் கூலி வேலைக்குச் சென்றனர். இவ்வாறு தாயும் சேயும் பிரிந்திருக்க நேர்ந்த இடங்களில் டின்பாலுக்குத் தேவை எளிதில் உருவாயிற்று.

அங்கு வில்லியம்ஸ் கண்டது தங்கக் கரையில் கண்டதற்கு மாறான நிலையாகும். அங்கே ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குப் பால் கிடைக்காமல் மாவுக்கஞ்சி மட்டும் கிடைத்தது. இங்கே பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்குத் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு இனிப்புக் கெட்டிப்பால் கொடுக்கப்பட்டது. செவிலியர் போன்று உடையணிந்த விற்பனைப் பெண்களை நிறுவனங்கள் வீடுகளுக்கு அனுப்பின. தங்கள் பால் தாய்ப்பாலைவிடச் சிறந்தது என்ற எண்ணத்தை அவர்கள் தாய்மாரிடம் விதைத்தனர்.

இனிப்புக் கெட்டிப்பாலின் எடையில் நாற்பது விழுக்காட்டிற்கும் மேல் சர்க்கரையாகும். நீர் கலந்து கொடுக்கும்போது குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை நீரே. தொடக்கத்தில் குழந்தை பருமனாகக் காணப்படலாம்; ஆனால் புரதமும் வைட்டமின்களும் போதா. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த வகைகளில், கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ இல்லாததால் கண்பார்வையே பறிபோகும் இடர் இருந்தது. பிரித்தானியாவில் அவ்வகை டின்களின்மீது கைக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று என அச்சிட வேண்டியிருந்தது. ஆசியாவில் அதே வகைப் பால் குழந்தை உணவாக விற்கப்பட்டது. தூய நீரும், கொதிக்க வைக்க எரிபொருளும், புட்டியைக் கழுவும் வசதியும் இல்லாத வீடுகளில் வயிற்றுப்போக்கு பல உயிர்களைப் பறித்தது. தாய்ப்பால் ஒருமுறை வற்றிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். டின் வாங்கப் பணம் இல்லாதபோது பாலை மேலும் நீர்க்கச் செய்வது வழக்கமாயிற்று.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் பேச வில்லியம்ஸ் அழைக்கப்பட்டார். பாலும் கொலையும் என்று பொருள்படும் தலைப்பில் அவர் பேசினார். குழந்தை உணவு பற்றிய தவறான விளம்பரங்களைக் கொடிய குற்றமாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்றும், அவற்றால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அரசு ஊழியர் ஒருவர் வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் இவ்வாறு பேசுவது அக்காலத்தில் அரிதாகும். இவ்வுரை அச்சில் பரவலாகக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1986இல் பினாங்கிலிருந்து பன்னாட்டு நுகர்வோர் அமைப்பு இதனை வெளியிட்டது.

இரண்டாம் உலகப் போரும் சிறை முகாமும்

1941இல் வில்லியம்ஸ் மலாயாவின் கிழக்குக் கரையில் உள்ள திரெங்கானுவில் பணிபுரிந்துகொண்டிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கியதால் சிங்கப்பூருக்குத் தப்பிச் சென்றார். 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏனைய ஐரோப்பியக் குடிமக்களுடன் இவரும் சாங்கி சிறை முகாமில் அடைக்கப்பட்டார். பெண்கள் முகாமின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

1943 அக்டோபரில் சப்பானிய இராணுவக் காவல்துறை முகாமில் பெரும் சோதனை நடத்தியது. அதனைத் தொடர்ந்து வில்லியம்ஸ் விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்டுப் பல மாதங்கள் நெருக்கடி மிகுந்த கூண்டில் வைக்கப்பட்டிருந்தார். வயிற்றுக்கடுப்பும் பெரிபெரி நோயும் அவரைத் தாக்கின. பெரிபெரியின் விளைவாகக் கால்களில் உணர்வுக் குறைவு நெடுங்காலம் நீடித்தது.

இக்கொடிய சூழலிலும் முகாமின் உணவு நிலையை அவர் கவனித்து வந்தார். போருக்குப் பின் அளித்த அறிக்கையில், முகாமில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் பெற்றன என்றும் இருபதும் உயிர் பிழைத்தன என்றும் பதிவு செய்தார். தாய்மாரே அரைப்பட்டினியில் இருந்த நிலையில் இது நிகழ்ந்தது. ஏழைத் தாய்க்குப் பால் ஊறாது என்ற வணிக வாதத்திற்கு இது வலுவான மறுப்பாக அமைந்தது.

உலக சுகாதார அமைப்பில்

போருக்குப் பின் மலாயா திரும்பிய வில்லியம்ஸ் தாய்-சேய் நலப் பணிகளின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1948இல் புதிதாகத் தோன்றிய உலக சுகாதார அமைப்பின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக ஜெனீவாவில் நியமிக்கப்பட்டார். பின்னர் அவ்வமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பணிகளிலும் ஈடுபட்டார்.

1950இல் உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து ஆப்பிரிக்க நாடுகளில் குவாஷியோர்கர் பற்றிய ஆய்வை மேற்கொண்டன. ஜான் பிராக், மார்செல் ஆத்ரே ஆகியோர் நடத்திய இவ்வாய்வின் அறிக்கை 1952இல் வெளியாயிற்று. இந்நோய் பரவலாக இருப்பதை அது உறுதி செய்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தனியொரு மருத்துவர் கூறியது இவ்வாறு உலகளவில் ஏற்கப்பட்டது.

1951 முதல் ஜமேக்காவில் வாந்தி நோய் என அழைக்கப்பட்ட மர்ம நோய் பற்றிய ஆய்வில் பங்கேற்றார். 1960 முதல் 1964 வரை பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய்-சேய் நலப் பேராசிரியராக இருந்தார். டெரிக் ஜெலிஃப்புடன் இணைந்து தாய்-சேய் நலச் சேவைகள் பற்றிய நூலொன்றை 1972இல் வெளியிட்டார்.

கருத்து மாற்றங்கள்

1950களிலும் 1960களிலும் உலகின் ஊட்டக்குறைவுக்குப் புரதப் பற்றாக்குறையே முதன்மைக் காரணம் என்ற கருத்து ஓங்கியது. புரதம் செறிந்த சிறப்பு உணவுகளைத் தயாரிப்பதில் பெரும் பணம் செலவிடப்பட்டது. சேலத்தில் பிறந்தவரும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் குவாஷியோர்கரை ஆராய்ந்தவருமான சி. கோபாலன் இக்கருத்தை வினவினார். ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளில் சிலருக்குக் குவாஷியோர்கரும் சிலருக்கு உடல் மெலியும் மராஸ்மஸ் நோயும் வருவதை 1968இல் அவர் சுட்டிக்காட்டினார். மொத்த உணவின் அளவே பல குழந்தைகளுக்குப் போதவில்லை என்பது அவரது முடிவு. 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் புரதக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தார்.

குவாஷியோர்கரின் முழுமையான காரணம் இன்றளவும் ஆராயப்பட்டு வருகிறது. எனினும் வில்லியம்ஸ் தந்த நோய் விவரணை நிலைத்துள்ளது. இரு பாதங்களிலும் ஊட்டக்குறையால் வீக்கம் காணும் குழந்தையை, அதன் எடை எதுவாயினும், கடும் ஊட்டக்குறைவு உடையதாகக் கொண்டு சிகிச்சையளிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறிமுறையாகும்.

எடை கூடிய குழந்தையும் உணவுச் சமநிலையும்

வில்லியம்ஸ் எழுப்பிய கேள்வி வசதி பெருகிய காலத்தில் வேறு வடிவம் பெற்றுள்ளது. இன்றைய குழந்தைப் பால்மா இனிப்புக் கெட்டிப்பாலிலிருந்து வேறுபட்டது. இரும்பும் வைட்டமின்களும் சேர்த்து, தாய்ப்பாலின் அமைப்பை ஒட்டிச் செய்யப்படுகிறது. எனினும் பால்மா குடிக்கும் குழந்தைகள் முதலாண்டின் பிற்பகுதியில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைவிட விரைவாக எடை கூடுவது அறியப்பட்டுள்ளது.

பழைய வளர்ச்சி அட்டவணைகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுடன் ஒப்பிட்டபோது தாய்ப்பால் குடிக்கும் குழந்தை எடை குறைந்ததாகத் தோன்றியது. இதனால் பல தாய்மார் தேவையின்றிப் பால்மாவுக்கு மாறினர். இதனைச் சரிசெய்ய உலக சுகாதார அமைப்பு 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,440 குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் புதிய வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையே இதில் அளவுகோல் ஆயிற்று. ஆய்வு நடந்த இடங்களில் இந்தியாவின் தெற்கு டெல்லியும், வில்லியம்ஸ் பணியாற்றிய அக்ராவும் அடங்கும்.

இத்தரங்களின்படி ஆறு மாத ஆண் குழந்தையின் நடு எடை 7.9 கிலோகிராம், பெண் குழந்தையின் நடு எடை 7.3 கிலோகிராம். இதைவிடக் கூடிய எடை மட்டுமே நோயைக் குறிப்பதாகாது. நீளமான குழந்தை இயல்பாகவே எடை கூடி இருக்கும். ஆகவே நீளத்திற்கு ஏற்ற எடையையும், தொடர்ந்த மாதங்களில் வளர்ச்சிக் கோடு செல்லும் திசையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். கோடு திடீரென மேலேறினால் உணவூட்டும் முறையை ஆராய வேண்டும்.

எடை கூடிய குழந்தைக்கு உணவூட்டுவதில் கீழ்க்காணும் கருத்துகள் பொதுவாக ஏற்கப்பட்டவை:

குழந்தை பெரிதாக இருப்பதால் திட உணவை முன்கூட்டியே தொடங்கத் தேவையில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு தொடங்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அதே வேளையில், குழந்தை பருமனாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடுவதும் தவறாகும். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத அளவில் குறையத் தொடங்கும். பருமனான குழந்தைக்கும் இரத்தசோகை வரக்கூடும்.

பால்மாவை டின்னில் குறித்த அளவின்படியே கரைக்க வேண்டும். வயிறு நிறையட்டும் என்று கூடுதல் கரண்டி சேர்த்தால் உப்புச்சத்து மிகுந்து உடலில் நீர் வறட்சி ஏற்படலாம். எடையைக் குறைக்க எண்ணி நீர்க்கக் கரைத்தால் ஊட்டக்குறைவு உண்டாகும். புட்டியில் அரிசி மாவு, பிஸ்கட், சர்க்கரை ஆகியவற்றைக் கலப்பது தேவையற்ற ஆற்றலைச் சேர்ப்பதுடன், உண்ணப் பழகும் வாய்ப்பையும் தடுக்கும்.

திட உணவு கூடக்கூடப் பால் படிப்படியாகக் குறைய வேண்டும். தாய்ப்பால் பெறும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதங்களில் 300 கிலோகலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கிலோகலோரியும் இணை உணவிலிருந்து தேவைப்படும் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது தொடக்கத்தில் மொத்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் திட உணவு, இரண்டாம் ஆண்டில் பாதிக்கும் மேலாகிறது. பாலின் அளவு குறையாமல் திட உணவும் கூடினால் எடை மிகும். பாலாலேயே வயிறு நிறைந்தால் குழந்தை திட உணவை மறுக்கும்.

குழந்தை முகத்தைத் திருப்பினாலோ வாயை மூடிக்கொண்டாலோ வயிறு நிறைந்தது என்று பொருள். புட்டியில் மீதமுள்ளதை வற்புறுத்திப் புகட்டக் கூடாது. எடை கூடிய கைக்குழந்தையைப் பட்டினி போடுவதோ, மருத்துவர் ஆலோசனையின்றிப் பாலைக் குறைப்பதோ கூடாது. உயரம் கூடும்போது எடை தானே ஒத்துவருமாறு உணவை ஒழுங்குபடுத்துவதே நோக்கமாகும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

விடுதலைக்குப் பின் இந்தியா குழந்தைப் பால்மாவை இறக்குமதி செய்து வந்தது. நாட்டில் மிகுதியாகக் கிடைத்தது எருமைப்பால். அதில் கொழுப்பும் கேசின் என்னும் புரதமும் மிகுதி என்பதால் குழந்தையின் வயிற்றில் கட்டியாகத் திரியும் என்று கருதப்பட்டது. வி. சுப்பிரமணியன் இயக்குநராக இருந்த காலத்தில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கியது. ஆனந்தில் உள்ள கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் அதனை அமுல் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பால்மா எளிதில் கிடைத்தபோது, வில்லியம்ஸ் மலாயாவில் கண்ட சிக்கல்களும் உடன் வந்தன.

1977இல் நெஸ்லே நிறுவனப் பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதம் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறை உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. இதன் அடிப்படையில் இந்திய நாடாளுமன்றம் குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1992இல் இயற்றியது. 1993 ஆகஸ்ட் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. இச்சட்டம் இப்பொருட்களுக்கான விளம்பரத்தைத் தடை செய்கிறது. முன்பு பால்மா டின்களை அலங்கரித்த கொழுகொழுக் குழந்தையின் படமும் இச்சட்டத்தால் விலக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சிற்றூர்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு வழங்காமல், ஊட்டக்குறைவு உடையவர்க்கும் வளர்ச்சிக் கோடு தளர்ந்தவர்க்கும் மட்டும் கூடுதல் உணவு வழங்கியது இதன் தனித்தன்மையாகும். ஒரு நாள் எடையைவிடக் கோட்டின் போக்கே முதன்மையானது என்பதை இத்திட்டம் தாய்மாரிடம் கொண்டுசென்றது.

இன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் போன்ற ஊர்களிலும் அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளின் எடையும் நீளமும் பதிவு செய்யப்படுகின்றன. இணை உணவாகச் சத்துமாவு வழங்கப்படுகிறது. கேழ்வரகுக் கூழ், பருப்பு சேர்த்துக் குழைத்த சோறு, இட்லி, முட்டை, மசித்த காய்கள், வாழைப்பழம் போன்ற வீட்டு உணவுகள் தமிழ்நாட்டில் இணை உணவாகப் பரவலாகப் பயன்படுகின்றன. தானியக் கஞ்சி மட்டும் கொடுப்பதால் வரும் குறையை அக்ராவில் வில்லியம்ஸ் கண்டார். பருப்பும் முட்டையும் காய்களும் உடன் சேரும்போது அக்குறை நீங்குகிறது.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

வில்லியம்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையிலும் பல நாடுகளுக்குச் சென்று கற்பித்தார். பிரித்தானியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கம் 1965இல் இவருக்கு வழங்கப்பட்டது. 1968இல் பிரித்தானிய அரசு சிறப்புப் பட்டம் அளித்தது. ஆன் டாலி 1968இலும் சாலி கிராடக் 1983இலும் இவரது வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டனர்.

சிசிலி வில்லியம்ஸ் 1992 சூலை 13 அன்று ஆக்ஸ்போர்டில் தமது 98ஆம் வயதில் காலமானார். சிங்கப்பூரில் அவர் எச்சரிக்கை விடுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின், குழந்தைப் பால் விளம்பரங்களைத் தடை செய்யும் இந்தியச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.